மேட்டில் வாங்கும் மூச்சு

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு நடந்து ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும். அதனால் நீலகிரியில் அதை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. மேடு, குளிர், வயசு என்று காரணங்கள் தயாராக இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் இந்தச் சமாதானம் ஆகாது.

பல வருடம் சர்க்கரை கூடியே இருந்தால் நரம்புகள் கெடும். இதயத்தின் வலியை மூளைக்குச் சொல்லும் நரம்புகளும் அதில் அடக்கம். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டே வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். பதிலுக்கு மூச்சு வாங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் அசதியாக இருக்கும். போன வருடம் நிற்காமல் ஏறிய அதே மேட்டில் இப்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறதா? உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுத்த ஈசிஜி சரியாக இருந்தது என்று விட்டுவிடக் கூடாது. அடைப்பு இருந்தும் அது நார்மலாக வரலாம்.

வலியை நம்ப முடியாததால்தான் வரப்போகும் ஆபத்தைக் கணக்குப் போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அட்டவணைகளில் தெற்காசியாவுக்கென்று தனியாக ஒன்று உண்டு. வயது, ஆணா பெண்ணா, புகைப் பழக்கம், பிரஷர், கொலஸ்ட்ரால், சர்க்கரை இவற்றை வைத்து, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லும். ஆனால் அதில் சர்க்கரைக்கு ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டே பதில்தான். 15 வருடச் சர்க்கரையும் போன மாதம் தெரியவந்த சர்க்கரையும் அதற்கு ஒன்று! 2023-ல் ஐரோப்பாவில் வந்த ஸ்கோர்2-டயாபட்டீஸ் என்ற கணக்கு, சர்க்கரை எந்த வயதில் வந்தது, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்த டெஸ்ட்) எவ்வளவு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதையும் கேட்கிறது. ஐரோப்பியர்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் நமக்கு அப்படியே பொருந்திவிடாது.

என்னைக் கேட்டால், அதிகம் பேர் எடுக்காமல் விடுவது யூரின் அல்புமின் டெஸ்ட். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர் பழுதானால் அல்புமின் என்ற புரதம் கசியும். அங்கே பழுது என்றால் இதயத்தின் குழாய்ச் சுவர்களிலும் பழுது தொடங்கியிருக்கலாம். சிறுநீரில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஒரு கிராமுக்கு, அல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். மூச்சிரைக்க மேடு ஏறிப்போய், லேப்பிலேயே சாம்பிள் கொடுத்தால் எண் கூடிக் காட்டலாம். காலையில் எழுந்ததும் வீட்டிலேயே பிடித்துக்கொண்டு போவது நல்லது. காய்ச்சல் இருந்தாலும் கூடும் என்பதால், ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாமல் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்புறம் ஹெச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கில் நிற்கும் டெஸ்ட் அது. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இந்தியாவின் சிக்கிள் செல் பாதிப்பை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்தக் கோளாறு) முதலில் பதிவு செய்தது இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோய் இருந்தால் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்துவிடும். அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமிருக்காது. ஹெச்பிஏ1சி குறைவாகக் காட்டி ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் நேர்மாறாக, கூடிக் காட்டலாம். இப்படிப்பட்டவர்கள் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ரத்தச் சர்க்கரை பார்த்துக் குறித்த நோட்டைக் கொண்டுபோனால், எந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடுவது என்று டாக்டரால் முடிவு செய்ய முடியும்.