குடிமராமத்து: சொல்லும் பொருளும்

கண்மாயின், அதாவது பாசன ஏரியின், பெரிய பராமரிப்பை அரசும், ஆண்டுதோறும் வரும் சிறு வேலைகளை ஊராரும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பெயர் குடிமராமத்து. குடிகள் செய்யும் மராமத்து என்று விரியும்.

'குடி' பழந்தமிழ்ச் சொல். குடும்பம், குலம், ஊரில் வாழும் மக்கள் எல்லாவற்றையும் குறிக்கும். காரைக்குடி, அரியக்குடி என்று செட்டிநாட்டு ஊர்ப்பெயர்களிலேயே அது இருக்கிறது. 'மராமத்து' பழுதுபார்த்தல் என்னும் பொருளுள்ள அரபுச் சொல். பாரசீகம் வழியாக அரசாங்கத் தமிழில் நுழைந்தது. பொதுப்பணித் துறையை மராமத்து இலாகா என்று சொன்ன காலமும் உண்டு.

பெயர் கலப்புச் சொல்லானாலும் வேலை ஊருடையது. கோடையில் கண்மாய் வற்றியதும் நீர் வந்துசேரும் வரத்துக்காலின் அடைப்பை எடுப்பார்கள், வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையைச் சரிபார்ப்பார்கள், மிகுநீர் வழிந்தோடும் கலுங்கின் ஓரம் அரித்த கரைக்கு மண் போடுவார்கள். உள்ளே படிந்த வண்டலான கரம்பை மண்ணை வண்டி கட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். கண்மாய் ஆழமாகும், வயலுக்கு உரமாகும். கூலி இல்லாமலே வேலை நடந்ததற்கு இந்தக் கரம்பையும் ஒரு காரணம் என்பேன்.

1858இல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் இந்த வழக்கத்தைச் சட்டக் கடமையாக்கியது. ஊர் தானாகச் செய்துவந்ததை உத்தரவாக்கியது பெரும் பிழை என்றே எண்ணுகிறேன். 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியபோது, செலவில் 10 விழுக்காட்டைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றது. உழைப்பையும் பங்காகக் கணக்கிட்டது நல்ல முடிவு. அந்தப் பங்கு ஏட்டில் மட்டும் நின்று, வேலை முழுவதும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும் இடத்தில் அதைக் குடிமராமத்து என்று சொல்லக் கூடாது.

தூய தமிழில் எப்படிச் சொல்வது? மராமத்துக்குச் செப்பனிடல், பழுதுபார்ப்பு, சீரமைப்பு மூன்றும் பொருந்தும். ஆனால் 'குடிச்சீரமைப்பு' என்றால் குடிகளையே சீரமைப்பதாகப் பொருள் திரிகிறது. அலுவலக வழக்கான 'மக்கள் பங்களிப்பு' ரசீது போட்டு வாங்கும் தொகையை மட்டும் நினைவூட்டுகிறது. 'கூட்டாண்மை' கடை, கம்பெனிப் பங்காளிகளுக்கு உரியதாகிவிட்டது. 'ஊர்கூடிச் செப்பனிடல்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. யார் செய்கிறார்கள், என்ன செய்கிறார்கள் இரண்டும் அதில் இருக்கின்றன. கிராமசபைத் தீர்மானத்தில் 'கண்மாயை ஊர்கூடிச் செப்பனிடுவது, அரித்துப்போன மடையை ஊராட்சி கட்டித் தருவது' என்று எழுதினால் எவர் பொறுப்பு எது என்பதில் ஐயம் வராது.