மூட்டின் ஆயுளா, மனிதரின் ஆயுளா?

ஒரு செயற்கை முழங்கால் மூட்டு எத்தனை ஆண்டு தாங்கும்? பொருத்தப்பட்டவற்றில் பெரும்பாலானவை இன்னும் நன்றாகவே உழைத்துக்கொண்டிருப்பதால், இதற்குச் சராசரி எடுத்து விடை சொல்ல முடியாது. ஒன்றைப் பொருத்தி ஆறு மாதம் ஆகியிருக்கும். இன்னொன்று 15 ஆண்டைக் கடந்திருக்கும்.

1958-இல் புள்ளியியலாளர்கள் எட்வர்ட் கப்லானும் பால் மேயரும் இதுபோன்ற கணக்குகளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எப்போதெல்லாம் ஒரு மூட்டை மாற்ற நேர்கிறதோ, அப்போது கண்காணிப்பில் இருப்பவற்றில் எத்தனை பங்கு தப்பியது என்று பார்த்து, அந்தப் பங்குகளை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். தொடர்பு விட்டுப்போனவரை அதுவரை மட்டும் எண்ணி விலக்கிவிடலாம். அவர் எங்கோ நலமாக இருக்கிறார், அவருடைய மூட்டுக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே ஆபத்துதான் என்பது இதன் அடிப்படை.

இறந்துபோனவரையும் இப்படியே விலக்கினால்?

முதியவர்கள் பத்துப் பேருக்கு மூட்டு பொருத்தி, பத்தாண்டு கவனித்ததாகக் கொள்வோம். முதல் ஐந்தாண்டுக்குள் நால்வர் இறந்துவிடுகிறார்கள். ஆறாம் ஆண்டில் எஞ்சிய ஆறு பேரில் ஒருவருக்கும், எட்டாம் ஆண்டில் மீதி ஐவரில் ஒருவருக்கும் மறு அறுவை சிகிச்சை நடக்கிறது. கப்லான்–மேயர் கணக்கில் ஆறில் ஐந்தையும் ஐந்தில் நான்கையும் பெருக்கினால் தப்பியவை 67 சதவீதம். பழுதானவை 33 சதவீதம். நேரில் எண்ணினாலோ பத்துக்கு இரண்டு, வெறும் 20 சதவீதம். இறந்த நால்வரும் உயிரோடிருந்து, அவர்களுடைய மூட்டுகளும் அதே விகிதத்தில் பழுதாகியிருக்கும் என்ற கற்பனைதான் அந்த வித்தியாசம்.

கப்லான்–மேயர் தவறு என்று இதற்காக ஒதுக்கிவிடக் கூடாது. மரணத்தை ஒதுக்கிவைத்து மூட்டின் உறுதியை மட்டும் பார்க்க விரும்பும் பொறியாளருக்கு அந்த 33 பயன்படும். ‘என் வாழ்நாளுக்குள் மறுபடியும் கத்தி வைக்க வேண்டிவருமா?’ என்று கேட்கும் எண்பது வயதுக்காரருக்கு 20-ஐத்தான் சொல்ல வேண்டும். அதற்கு மரணத்தை, மூட்டு பழுதாகும் வாய்ப்பையே இல்லாமல் செய்துவிடும் போட்டி நிகழ்வாக எண்ணி, தொடங்கியவர்கள் எல்லோரிலும் எத்தனை பேருக்கு மறு அறுவை நேர்ந்தது என்று கூட்டிக்கொண்டே போகும் திரள் நிகழ்வுக் கணக்கு தேவை. இரண்டு வகை மூட்டுகளை ஒப்பிடும்போதும் இதே பிரிவினை வரும். காரணத்தை ஆராய 1972-இல் டேவிட் காக்ஸ் தந்த புள்ளியியல் மாதிரி பொருந்தும்; ஒரு நோயாளிக்கு வரக்கூடியதைக் கணிக்க, 1999-இல் ஃபைனும் கிரேயும் தந்தது ஏற்றது.

காக்ஸ் மாதிரியிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு மூட்டு பழுதாகும் ஆபத்து இன்னொன்றைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம் காலம் முழுவதும் மாறாது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் கிருமித்தொற்றும் மூட்டு நழுவுவதும் பெரும்பாலும் தொடக்கத்தில் வருபவை. தேய்மானமும் தளர்வும் ஆண்டுகள் கழித்து எட்டிப்பார்ப்பவை. முதல் ஆண்டில் பின்தங்கிய மூட்டு பத்தாம் ஆண்டில் முந்தலாம். இரண்டையும் ஒற்றை எண்ணில் அடக்கினால் இந்தக் கதை காணாமல் போகும். காலத்தைத் துண்டாக்கிப் பார்ப்பதே என் விருப்பம்.

இத்தனைக்கும் மூட்டு மாற்று அறுவைப் பதிவேடுகள் ‘பழுது’ என்று எண்ணுவது பெரும்பாலும் மறு அறுவை சிகிச்சையைத்தான். வலியில் துடித்தாலும், இதயம் தாங்காது என்று அறுவை மறுக்கப்பட்டவரின் மூட்டு அந்தக் கணக்கில் இன்னும் ‘தப்பிய’ மூட்டுதான்.