கடலோரம் கல் கொட்டும் முன்: 300 மீற்றருக்குள் எதற்கு அனுமதி வேண்டும்?

தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கினால் கொழும்புக் கரையில் முகத்துவாரத்திலிருந்து தெகிவளை வரை ஒரே பேச்சுத்தான்: "கரை அரிக்குது, நாலு லோட் கல் கொட்டுவோம்." அந்த நாலு லோட் கல்லுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து (கடல் பெருகும்போது நீர் வழக்கமாக எட்டும் எல்லை) தரைப்பக்கம் 300 மீற்றரும், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து (கடல் வற்றும்போது நீர் நிற்கும் எல்லை) கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல்பக்கமாக உள்ள வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் வரும். பலர் தவறவிடுவது நீர்வழிகளைத்தான். கடலோடு இணைந்த ஆறும் கால்வாயும் கடலில் கலக்கும் இடத்திலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே வரை வலயத்தில் அடங்கும்; 2011 திருத்தம் அவற்றின் ஓரத்தில் மேலும் 100 மீற்றரைச் சேர்த்தது. களனி கங்கையோரமோ தெகிவளைக் கால்வாயோரமோ இருப்பவருக்குக் கடல் கண்ணில் படாவிட்டாலும் சட்டம் பொருந்தலாம்.

'அபிவிருத்தி வேலை' என்றால் மாடிக்கட்டடம் மட்டுமல்ல. மதில், நிலம் நிரப்புதல், கழிவு கொட்டுதல், மணல், சிப்பி, இயற்கைத் தாவரம் அகற்றுதல் எல்லாமே அதில் அடக்கம். மீன்பிடிக்கு விலக்கு உண்டு. ஆனால் மீனவர் கரையில் கட்டும் வாடிக்கும் (குடிலுக்கும்) அதே விலக்கு என்று நினைத்துவிடக் கூடாது, கேட்டுவிட்டே கட்டுங்கள்.

தனியார் கல்லணை ஏன் பிழைக்கிறது? அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடிமணலைத் தோண்டுகிறது. கல்லுக்குக் கீழே புவித்துணியோ (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) சிறுகல் வடிகட்டிப் படையோ இல்லையென்றால் பின்மண் இடுக்குகளால் வெளியேறும். கல் உள்ளே சாயும், நிலம் குழியும். இடித்த வீட்டுச் செங்கல்லும் கொங்கிரீட் துண்டும் அலைக்கு நிற்காது. எல்லாவற்றிலும் மோசம் அணையின் முனை: பருவக்காற்று அலை மணலைப் பெரும்பாலும் வடக்கே தள்ளுவதால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் கரை வேகமாகக் கரையும். அனுமதி கேட்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான், காகிதம் அல்ல.

அனுமதி தருவது கரையோரப் பாதுகாப்பு, கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம். முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சிறிய வேலையென்றால் அங்கேயே வழி சொல்வார்கள். காணி உறுதி, நில அளவைப் படம், வேலையின் வரைபடம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மாநகர சபையின் கட்டட அனுமதி வேறு, இது வேறு. ஒன்று கிடைத்ததால் மற்றது தேவையில்லை என்று எண்ணியவர்கள் பின்னர் அகற்றல் அறிவித்தலோடு அலைந்திருக்கிறார்கள். பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கலாம்; அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அனுமதி மறுக்கப்பட்டால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

கரை திடீரென உடைந்து வீட்டுக்கு ஆபத்தென்றால் அனுமதி வரும்வரை பார்த்திருக்காமல் உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். மற்ற நாட்களில், மாதம் ஒருமுறை வீட்டு மூலையிலிருந்து மணல் விளிம்பு வரை நாடாவால் அளந்து, ஒரே இடத்தில் நின்று படமெடுத்துத் திகதியோடு வையுங்கள். திணைக்களத்துக்கு எழுதும்போது "கரை ரொம்பப் போய்விட்டது" என்பதைவிட மீற்றர் கணக்குக்கே மதிப்பு.