தோட்டத்துக்கு மானியம் கேட்கும் முன்

கொழும்பு வடக்கில் ஒரு தோட்டம். நெருக்கமாக வீடுகள் அடுக்கிய குடியிருப்பைக் கொழும்பில் அப்படித்தான் சொல்வோம். அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய பாதை, அதன் ஓரமாகத் திறந்த கான், அதாவது வடிகால். சில வருடங்களுக்கு முன் அங்கிருந்த மரண உதவிச் சங்கத்தினர் ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒரு தூதரகத்தின் சிறு மானியத்துக்கு அனுப்பி, நிராகரிக்கப்பட்டுத் திரும்பியது அது.

நான் தொழிலால் கணிய அளவையாளர், எல்லாரும் சொல்வதுபோல் கியூ.எஸ். எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெந்து, எவ்வளவு கூலி என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. அவர்களும் என்னிடம் கணக்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் கேட்டார்கள். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் விண்ணப்பம் கேட்டிருந்தது ஒரு கணினி நிலையம். ஏன் என்று கேட்டேன். "கம்பியூட்டர் என்றால் குடுப்பாங்க என்று சொன்னாங்க" என்றார் செயலாளர். எழுதிக் கொடுத்தவர் வெளியாள். ஒருநாள் கூட மழையில் அந்தத் தோட்டத்துக்குள் நடந்தவரல்ல.

சரி, கூட்டம் வைப்போம் என்றேன். ஆண்கள் நாற்காலியில் இருந்து மண்டபம், கணினி, விளையாட்டுத் திடல் என்று அடுக்கினார்கள். கதவருகே நின்ற ஒரு அக்கா மட்டும், "தம்பி, கொஞ்சம் வீட்டுக்கு வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். போனேன். அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில் பிள்ளையின் பாஸ்டல் கலரால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். ஒன்று முழங்காலுக்குக் கீழே, 2010 நவம்பர். மற்றது தொடை அளவில், 2016 மே. கொழும்பில் வெள்ளம் வந்த அந்த இரண்டு தடவையும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அந்த வீடே எழுதி வைத்திருந்தது. கணினியை விட்டுவிட்டு, கானைக் கட்டக் கேட்ட அடுத்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அந்தச் சுவரின் படத்தைத்தான் வைத்தோம்.

மானியம் கொடுப்பவர்கள் தேடுவது அழகான ஆங்கிலத்தை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் அனுபவத்தில், இந்த வேலையை இந்த மக்களே முடிவு செய்தார்களா, முடிந்த பிறகு இவர்களே பார்த்துக்கொள்வார்களா என்பதைத்தான் அவர்கள் முதலில் தேடுகிறார்கள். தேடுவது நியாயம்தான். அவர்கள் ஒரு தடவை பணம் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். கான் நம்மோடு இருக்கும்.

மக்களே முடிவு செய்து, மக்களே கட்டுவது வெளியிலிருந்து வந்து நமக்குச் சொல்லித் தந்த விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தின் காலத்தில், தேசிய வீடமைப்பு அதிகார சபை கொழும்புத் தோட்டங்களில் சமூக அபிவிருத்தி மன்றங்களோடு சேர்ந்து வேலை செய்தது. கிணறு, கான், நடைபாதை, பொது மலசலகூடம் போன்ற சின்ன வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் அந்த மன்றங்களுக்கே கொடுத்தார்கள். சமூக ஒப்பந்தம் என்று பெயர். அந்த முறையைத்தான் பிற்பாடு ஐ.நா. வாழிட அமைப்பு கம்போடியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் கொண்டு போனது. நம் பெற்றோர் கையால் செய்து காட்டியதை நாம் மறந்துவிட்டு, விண்ணப்பம் எழுத ஆள் தேடி அலைகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம் காகித வேலை. இங்குதான் நல்ல திட்டங்கள் பல விழுகின்றன. மரண உதவிச் சங்கம் நல்ல அடித்தளம்தான். அங்கத்தவர் பட்டியல், மாதச் சந்தா, ஒருவரை ஒருவர் தெரிந்த நம்பிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் மானியம் தருபவர் பதிவுச் சான்றிதழ் கேட்பார். ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் வேலை செய்யும் தன்னார்வ அமைப்பு, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்தப் பிரதேச செயலகத்திலேயே பதியலாம். மாநகர எல்லைக்குள் இரண்டு பிரிவுகள்: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. உங்கள் தோட்டம் எதில் வருகிறது என்று கிராம சேவகரை (ஜி.எஸ்.) கேட்டாலே போதும். யாப்பு (சங்கத்தின் விதிமுறைகள்), நிர்வாகிகள் பட்டியல், கூட்டக் குறிப்பு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். எங்கள் தோட்டத்தில் குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். அங்கே எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். ஒரு மொழியில் மட்டும் எழுதினால் பாதிப் பேருக்கு அது அடுத்தவர் வீட்டுக் கூட்டம்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவதாக எழுதிய விண்ணப்பத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தலைவர் தங்கமான மனிதர். ஆனாலும் அந்த விண்ணப்பம் போனது குப்பைக்கு.

நிலம் இதைவிடச் சிக்கல். கொழும்புத் தோட்டங்கள் பலவற்றில், 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தோடு தனியாரின் வீடுகள் அரசின் கைக்குப் போயின. வேறு சில மாநகர சபைக்கோ, நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ, ரயில்வேக்கோ சொந்தம். நாம் தலைமுறையாக நடக்கும் பாதையின் உரிமையாளர் யார் என்று நமக்கே தெரியாது. யார் நிலம் என்று தெரிந்து, அவர்களிடம் எழுத்தில் ஆட்சேபனையில்லைக் கடிதம் வாங்காமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். அலுவலகம் பதில் தரவில்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கடிதத்துக்கே ஏழு மாதம் போனது. அதற்குள் ஒரு மானியச் சுற்று முடிந்துவிட்டது. ஆகவே இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

எங்கே கேட்பது? ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நிதியுதவி பெரும்பாலும் கட்டடம், உபகரணம் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குத்தான். நீண்ட காலமாக ஒரு கோடி யென் என்பதே அதன் வழமையான உச்சவரம்பாக இருந்தது. சம்பளம், மின்சாரக் கட்டணம் எல்லாம் அதில் கேட்க முடியாது. ஆஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் இதைவிடச் சிறிய தொகை, சின்னச் சங்கங்களுக்குப் பொருத்தம். உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் 1992இலிருந்து நடக்கிறது, ஒரு திட்டத்துக்கு நீண்ட காலமாக 50,000 டொலர் வரை தந்தார்கள். ஆனால் அது சுற்றாடலுக்கு. கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. உங்கள் தோட்டம் ஒரு கால்வாயையோ சதுப்பு நிலத்தையோ ஒட்டி இருந்து, குப்பை அதில் போய்ச் சேராமல் தடுக்கும் வேலையென்றால் அங்கே தயங்காமல் கேளுங்கள். கானுக்குச் சுற்றாடல் வேஷம் கட்ட வேண்டாம், படித்த உடனேயே பிடித்துவிடுவார்கள்.

விலையைப் பற்றி ஒரு விஷயம். மானியத் தொகை கையெழுத்திட்ட நாளோடு நின்றுவிடும், சந்தை நிற்காது. 2021 தொடக்கத்தில் 1000 ரூபாய் அளவில் இருந்த சிமெந்து மூட்டை 2022 நடுப்பகுதியில் 3000 ரூபாயை நெருங்கியது. அந்த நேரத்தில் பாதியில் நின்ற வேலைகளை நான் பார்த்தேன். மூன்று கடைகளில் எழுத்தில் விலை வாங்குங்கள், எதிர்பாராத செலவுக்கென்று ஒரு வரி போடுங்கள், பணம் வந்த கிழமையே சிமெந்தையும் கம்பியையும் வாங்கப் பாருங்கள். சிரமதானத்தையும் கணக்கில் எழுதுங்கள். யார், எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்று கையெழுத்தோடு இருந்தால் அது உங்கள் பங்களிப்பு. தேநீரும் சோறும் கொடுத்த பெண்களின் நேரத்தையும் அதே புத்தகத்தில் சேருங்கள். எங்களுடையதில் முதலில் அது விடுபட்டுப் போயிருந்தது.

இனி அந்தக் கானுக்கு வருகிறேன். மூடியோடு கட்டுவது என்று முடிவு. நான் வரைந்த படத்தில் கொங்கிரீட் மூடி ஒவ்வொன்றும் மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலத் தடிப்பு. மூடி குறைந்தால் மூட்டும் குறையும், செலவும் குறையும் என்பது என் கணக்கு. மாதிரிக்கு ஒன்றை வார்த்து வைத்தோம். அதே அக்கா வந்து பார்த்துவிட்டு, "இதத் தூக்கிக் காட்டுங்களேன் தம்பி" என்றார். நானும் மேசன் பாஸும் குனிந்தோம். 75 கிலோ, ஒன்றரைச் சிமெந்து மூட்டை. அரை அடி கூட உயர்த்த முடியவில்லை. "கான் அடைச்சா தொறக்கப் போறது நாங்க. நீங்க அப்ப இங்க இருக்க மாட்டீங்க" என்றார்.

படத்தை மாற்றினோம். மூடியின் நீளம் ஒன்றரை அடி, இரண்டு பக்கமும் வளைத்த கம்பிப் பிடி. 37 கிலோ சொச்சம், இரண்டு பெண்கள் சேர்ந்து தூக்கலாம். செலவு கொஞ்சம் கூடியது. விண்ணப்பத்தில் ஏன் கூடுகிறது என்பதற்கு அக்கா சொன்ன அந்த இரண்டு வரியையே எழுதினோம். பணம் கொடுத்தவர்கள் கேட்ட ஒரே கேள்வி, பராமரிப்புக்கு யார் பணம் போடுவது என்பது.

அதற்கும் பதில் தயாராக இருந்தது. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், மரணச் சந்தாவோடு சேர்த்தே வாங்குவது, புத்தகம் வேறாக வைப்பது. கிட்டத்தில் இன்னொரு இடத்தில் மானியத்தில் கட்டிய மலசலகூடத்துக்கு இரண்டு வருடத்தில் பூட்டுப் போட்டார்கள். தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது என்று யாரும் கட்டும்போது பேசவில்லை. அதைப் பார்த்த பயம்தான் எங்கள் கூட்டத்தில் அந்த 50 ரூபாயை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள வைத்தது.

போன வருடம் ஒரு த்ரீவீலர் தோட்டத்து வாசலில் ஏறி இரண்டு மூடி உடைந்தது. சந்தாப் பணத்தில் சிமெந்து வாங்கி, பழைய அச்சிலேயே வார்த்து, நாலாம் நாள் போட்டுவிட்டார்கள். எனக்கு அதைச் சொல்லக்கூட இல்லை. வேறு வேலையாகப் போன நேரத்தில் புது மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.