கூலன்ட் வேறு, குளிரூட்டி வேறு

"எஞ்சின் சூடானால் குளிரூட்டியைக் கவனியுங்கள்." கார் பராமரிப்புக் குறிப்புகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. எழுதுபவர் சொல்ல வருவது கூலன்ட்டை. படிப்பவர் கை போவது ஏசி பொத்தானுக்கு. பேருந்தில் 'குளிரூட்டப்பட்டது' என்று எழுதியிருந்தால் நாம் வேறெதை நினைக்கிறோம்?

கூலன்ட் என்பது 'கூல்' என்ற ஆங்கிலச் சொல்லோடு இலத்தீன் வழி வந்த 'அன்ட்' விகுதி சேர்ந்தது, லூப்ரிகன்ட் மாதிரி. எஞ்சினுக்குள் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடும் திரவம். பெரும்பாலும் தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் கலந்தது.

இதில் குளிர் எங்கே இருக்கிறது? ஓடும் வண்டியில் கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஏறக்குறைய அந்தச் சூடு வரும்வரை தெர்மோஸ்டாட் என்ற வால்வு அதை ரேடியேட்டர் பக்கமே விடாது. எஞ்சின் ரொம்பக் குளிர்ந்திருப்பதும் கெடுதல். 'ஊட்டு' என்றால் உள்ளே கொடுப்பது. ஏசி அறைக்குள் குளிரைத் தருகிறது, அதற்கு அந்தப் பெயர் அழகாகப் பொருந்தும். கூலன்ட் எதையும் ஊட்டுவதில்லை, சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. போதாததற்கு, ஏசிக்குள் ஓடும் வாயுவையும் சிலர் குளிரூட்டி என்கிறார்கள். ஒரே காரில் மூன்று குளிரூட்டி!

பிழை சொல்லோடு நிற்பதில்லை. மீட்டரில் சூடு காட்டும் முள் 'எச்' (சூடு) பக்கம் ஏறினால் முதலில் ஏசியை அணைக்க வேண்டும். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கூடுதல் சூட்டைத் தள்ளுகிறது. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். 'குளிரூட்டி' என்று படித்தவர் நேர்மாறாகச் செய்வார்.

தமிழில் வேண்டுமானால் 'தணிப்பு நீர்மம்' என்பேன். சூட்டைத் தணிப்பது என்பது எல்லோர் வாயிலும் உள்ள பேச்சு. அதுவும் கடினமென்றால் கூலன்ட் என்றே எழுதுங்கள், எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

மீட்டரில் உள்ள முள்ளை 'எஞ்சின் வெப்பமானி' என்பதும் இதே அவசரம்தான். பெரும்பாலான கார்களில் அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. கூலன்ட் முழுக்க ஒழுகிப்போய் சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் 'சி' (குளிர்) பக்கம் விழக்கூடும். 'தணிப்பு நீர்மச் சூடு காட்டி' என்று எழுதியிருந்தால் அந்த முள் எதைச் சொல்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும்.