வீட்டில் விழும் அடி யாருடைய துறை?

"பயிற்சியைப் பாதியில் விட்ட பெண்கள்: காரணம், ஆர்வமின்மை." இந்த வரியை இன்னும் எத்தனை அறிக்கையில்தான் படிப்பது? வெளிநாட்டு நிதியில் நடக்கும் வளர்ச்சித் திட்டங்களை மதிப்பீடு செய்வது என் வேலை. குடிநீர், கடன் குழு, தொழிற்பயிற்சி எதுவானாலும் எங்காவது ஒரு மூலையில் இது வந்துவிடும். ஆர்வமில்லை, விழிப்புணர்வு இல்லை, சொந்தக் காரணம். கடைசியாக வந்த அறிக்கையோடு வருகைப் பதிவேட்டையும் இணைத்திருந்தார்கள். ஒரு வகுப்புகூட விடாமல் வந்த பெண்கள், உதவித்தொகை கைக்கு வந்த வாரத்திலிருந்து காணோம். ஆர்வமில்லாதவர் பணம் வருவதற்கு முன்பே நின்றிருப்பாரே! பணம் வந்த பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று யாருமே விசாரிக்கவில்லை. கேட்டால், "அது குடும்ப விவகாரம், நம் திட்டத்துக்குள் வராது."

வரும். உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண், துணைவரின் அடி உதையையோ பாலியல் வன்முறையையோ, பிறரின் பாலியல் வன்முறையையோ வாழ்நாளில் ஒருமுறையாவது சந்தித்திருக்கிறார் என்கிறது உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு. சில நாடுகளில் இதனால் ஏற்படும் இழப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.7 சதவீதம் வரை போகிறது என்பது உலக வங்கியின் கணக்கு. வேலைநாள், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு என்று அது எப்படிப் போகிறது என்பதை இங்கே விளக்கப் போவதில்லை. தெரிந்ததுதான்.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது வேறு ஒன்று. "முதலில் வறுமை ஒழியட்டும், அப்புறம் இதெல்லாம் தானாகக் குறைந்துவிடும்." நன்றாகப் படித்தவர்களே கூட்டங்களில் இதைச் சொல்கிறார்கள். சரி, பணக்கார நாடுகளைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அப்போதைய 28 நாடுகளில் சுமார் 42,000 பெண்களிடம் கேட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்விலும், 15 வயதுக்குப் பிறகு உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் மூன்றில் ஒருவர். வறுமைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. துணைவரின் வன்முறையை மட்டும் எடுத்தால், உலக சுகாதார அமைப்பின் அதே மதிப்பீட்டில் அதன் ஆப்பிரிக்க மண்டலத்திலும், இந்தியாவும் அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலத்திலும் 33 சதவீதம், வருமானம் மிகுந்த நாடுகளில் 22 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இத்தனை செல்வம் சேர்ந்த பிறகும் 22-இல் வந்து நிற்கிறதே, அதற்கு என்ன பதில்?

பெண்ணின் கைக்குப் பணம் போனாலே போதும் என்பது இந்த வறுமை வாதத்தின் தங்கை. பணம் உதவும்தான். ஆனால் மெக்சிகோவின் உதவித்தொகைத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் பார்த்தது என்ன? பயனாளிகளுக்கு உடல்ரீதியான வன்முறை குறைந்திருந்தது, அடிப்பேன் என்ற மிரட்டல் கூடியிருந்தது. பணத்தைப் பிடுங்க மிரட்டலே போதும் அல்லவா? தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் சிறுகடனோடு ஆண்-பெண் உறவு பற்றிய பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டு ஆண்டுகளில் துணைவரின் வன்முறை 55 சதவீதம் குறைந்தது. கடன் மட்டும் பெற்ற குழுக்களில் வருமானம் மேம்பட்டது, மற்ற மாற்றங்கள் அப்படி வரவில்லை. வருமானத்தை மட்டும் அளந்துவிட்டு 'வெற்றி' என்று எழுதியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. 2000-இல் ஐ.நா. வகுத்த புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளில் பெண்கள்மீதான வன்முறைக்கென்று ஓர் இலக்குகூட இல்லை. 2015-இல் அவற்றுக்குப் பதிலாக வந்த நிலையான வளர்ச்சி இலக்குகளில்தான் 5.2 என்ற எண்ணோடு அது பட்டியலுக்குள் வந்தது. அதன் பிறகும் பாலம் கட்டுகிறவருக்கு அது பெண்கள் நலத் துறையின் எண்ணாகவே தெரிகிறது.

பாலம், சாலை போடுகிறவர்கள் உகாண்டாவை மறக்க வேண்டாம். அங்கே சாலைப் பணியாளர்கள் சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கினார்கள் என்ற புகார்களை அடுத்து, 2015 டிசம்பரில் உலக வங்கி அந்தத் திட்டத்துக்கான நிதியையே ரத்து செய்தது. வெளியாட்களை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து இறக்கும் ஒப்பந்தத்தில் ஜல்லியின் அளவு வரை எழுதுகிறீர்கள். நடத்தை விதியையும், மீறினால் என்ன தண்டனை என்பதையும் எழுதக் கை வராதா?

அதற்காக நாளைக்கே கேள்வித்தாளோடு வீடு வீடாகக் கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து. பயிற்சியில்லாதவர் கேட்கும் கேள்வியால் அன்று இரவே அடி விழலாம். உலக சுகாதார அமைப்பு 2001-லேயே இதற்கு விதிமுறை எழுதிவிட்டது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனியாக. நல்ல களப்பணியாளரின் கையில் இரண்டாவது கேள்வித்தாள் ஒன்று எப்போதும் இருக்கும். கதவு திறந்து யாராவது உள்ளே வந்தால், குரல் மாறாமல் "குழந்தைக்குத் தடுப்பூசி எப்போது போட்டீர்கள்?" என்று தொடர்வார். அனுப்பிவைக்க மருத்துவ உதவியோ சட்ட உதவியோ இல்லாத இடத்தில் கேட்கவே கேட்காதீர்கள். உதவித்தொகைப் பட்டியலை ஊரறிய ஒட்டாதீர்கள். வராமல் நின்றுபோனவரின் வீட்டுக்குப் போய்க் கணவர் முன்னால் காரணம் கேட்காதீர்கள்.

இந்த வேலையை ஆண்களை விட்டுவிட்டும் செய்யாதீர்கள். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஆண்களும் பெண்களுமாகச் சொந்த ஊர்க்காரர்களே அக்கம்பக்கத்தில் பேசிப் பேசி நடத்திய சாசா திட்டத்தில், அது நடந்த பகுதிகளில் துணைவரின் உடல்ரீதியான வன்முறை மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. ஒப்பிட்டது மொத்தம் எட்டே பகுதிகள்தான், மதிப்பீட்டாளனாக அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பதினெட்டு மாதத் திட்டத்தில் கடைசி மூன்று மாதத்துக்கு ஒரு கருத்தரங்கு வைத்தால் இது வராது.

நிதி தருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "புகார் எண்ணிக்கை: பூஜ்யம்" என்று வரும் அறிக்கையைப் பாராட்டாதீர்கள். புகார் சொல்ல யாரிடம் போக வேண்டும் என்று எத்தனை பெண்களுக்குத் தெரியும், அதைக் கேளுங்கள். முதல் ஆண்டில் புகார் கூடினால் பெரும்பாலும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துப் பயந்து நிதியை வெட்டினால், அடுத்த ஆண்டு எல்லா அறிக்கையிலும் பூஜ்யம்தான் வரும்.