சென்சார் மேல் பழி போடுமுன்

"புது ஆயில் பிரஷர் சென்சார் போட்டாச்சு, எரர் கோடு மறுபடியும் வருதுண்ணே." இந்தப் புலம்பலோடு இன்னொரு டெலிவரி வேன். ஸ்கேனரில் பி0522 என்ற கோளாறு எண். குப்பைக்குப் போன பழைய சென்சாரில் ஒரு குறையும் இல்லை. கனெக்டருக்குள் ஒரு பின் பச்சை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ, எந்த வொர்க்‌ஷாப்பாக இருந்தாலும் சரி, இதை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: பி0520, பி0522, பி0523 மூன்றும் சர்க்யூட்டைப் பற்றிய புகார். சிக்னல் வயரில் வோல்ட் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போனால் பி0522, மேலே போனால் பி0523. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரிந்தது அந்த வோல்ட் மட்டுமே. வயர் அறுந்ததா, பாடியில் உரசி ஷார்ட் ஆனதா, கனெக்டரில் தண்ணீர் நிற்கிறதா, எர்த் மோசமா, சென்சாரே போய்விட்டதா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேனர் திரையில் சென்சார் பெயர் தெரிந்ததும் பார்ட்ஸ் கடைக்குப் போன் போடுவது வேலையே அல்ல. சென்சார் காட்டும் அளவு நம்பும்படி இல்லை என்று சொல்லும் பி0521 வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பிரஷரே உண்மையில் தப்பாக இருக்கலாம்.

அதனால் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். அடுத்து சென்சாரைக் கழற்றி, அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். எஞ்சின் சூடானபின் ஐடிலிலும் 2000 ஆர்பிஎம்மிலும் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். குறைவு என்றால் பம்ப், ஸ்ட்ரெய்னர், பேரிங் பக்கம் போங்கள்.

பிரஷர் சரியா? இப்போது மல்டிமீட்டர். மூன்று வயர் சென்சார் என்றால் சாவி ஆன், எஞ்சின் ஆஃப், கனெக்டரைக் கழற்றி ஹார்னஸ் (வண்டியின் வயர் கட்டு) பக்கம் பாருங்கள். ரெஃபரன்ஸ் வயரில் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா? பல வண்டிகளில் அதே 5 வோல்ட் வேறு சென்சார்களுக்கும் போகிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. அடுத்து கனெக்டரை மாட்டி, பின்பக்கமாக ப்ரோப் விட்டு, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. வயர் அறுந்ததா என்று பார்க்கும் கன்டினியூட்டி டெஸ்டின் 'பீப்' சத்தத்தை நம்பி ஏமாறாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். சிக்னல் வயரில் எஞ்சின் ஆஃபில் சுமார் 0.5 வோல்ட் இருந்து, ஸ்டார்ட் ஆனதும் ஏறுவது வழக்கம்.

ஆயில் விளக்கை மட்டும் எரியவைக்கும் ஒற்றை வயர் ஸ்விட்சுக்கு இதெல்லாம் பொருந்தாது. பெரும்பாலான வண்டிகளில் அந்த வயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும், பாடியில் தொட்டால் எரிய வேண்டும். கழற்றியும் எரிந்தால் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது.

தயவுசெய்து ஈசியூ வயர்களில் பல்பு டெஸ்டரை வைக்காதீர்கள். வயர் உறையையும் ஊசியால் குத்தாதீர்கள். நம்மூர் ஈரப்பதத்துக்கு அந்தத் துளை போதும், உள்ளே செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடும் பத்து வயது தாண்டிய வண்டிகளில் எஞ்சின் சூட்டில் உறை ஏற்கெனவே காய்ந்து வெடித்திருக்கும். கனெக்டருக்குள் எஞ்சின் ஆயில் தெரிந்தால் சென்சார் கசிகிறது, அப்போது தாராளமாக மாற்றுங்கள், கனெக்டரையும் சுத்தம் செய்யுங்கள். ஒற்றை வயர் ஸ்விட்ச் எர்த் எடுப்பதே மரை வழியாகத்தான். அதில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தொலைக்காதீர்கள்.

ஓட்டுநர்களுக்கு: சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் "சென்சார்தான், ஓட்டு" என்று பாஸ் சொன்னாலும் ஓட்டாதீர்கள் தம்பி. பிஐஇ விரைவுச்சாலையில் என்றால் ஷோல்டரில் ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். இமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்புச் சேவை) மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் பார்க் வரை இலவசமாகவே இழுத்துப் போகும். அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்கு வரும்வரை மலிவு ஸ்கேனரால் கோடை அழிக்காதீர்கள். கோளாறு பதிவான நேரத்து ஆர்பிஎம், சூடு எல்லாம் அதோடு சேர்ந்து அழிந்துபோகும். அப்புறம் நாங்கள் எதை வைத்துத் தேடுவது?